நான்கெல்லைக்குட்பட்ட நாய்

வீட்டுக்காரர்கள் வெளியூர் போனால் அவர்கள் வளர்க்கும் நாய்க்கு யார் சாப்பாடு வைப்பது என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனாலும் நாய்களுக்குப் பசிக்கிறது. இந்த நிர்வாகக் குறைபாட்டை நம்பித்தான் நாய்க்கார அக்கா பிழைத்துவந்தாள்.

அவளுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. கூப்பிட்ட வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர்கள் திரும்பும்வரை அங்கேயே தங்கி, நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்வாள். பதினொரு வருடத்தில் ஒரு கடி வாங்கியதில்லை. மிருகங்களிடம், என்று சேர்த்துக்கொள்ளவும்.

அந்த வருடம் அவளை அமர்த்தியவர் எல்லைக்கற்கள் துறையின் துணை இயக்குநர். ஒரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே கல் நடுவதா, நட்ட கல்லைப் பிடுங்குவதா என்று தீர்மானிக்கும் இலாகா அது. தீர்மானிக்கச் சராசரியாகப் பதினாறு வருடம் ஆகும். அதற்குள் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்காரர்களும் சமாதானமாகிவிடுவார்கள், அல்லது காலமாகிவிடுவார்கள். இரண்டையுமே துறை தன் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

துணை இயக்குநர் தனிக்கட்டை. அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு பஞ்சு. முப்பது கிலோ எடையுள்ள வெள்ளை நாய். அதை விட்டுவிட்டுப் பத்து நாள் அலுவல் சுற்றுப்பயணம் போனவர், முதல் நாளே பதினெட்டு முறை போன் செய்தார்.

"பஞ்சு என் போட்டோவைப் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு சார்."

"எப்படிப் பார்த்துச்சு? ஏக்கமாவா, சும்மாவா?"

"சாப்பிட்டுக்கிட்டே பார்த்துச்சு சார்."

"அப்ப சும்மாதான்" என்று ஒரு பெருமூச்சு வந்தது. அதைச் சமாதானப்படுத்த அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

இரண்டாம் நாள், குழாய் ரிப்பேர்காரர் வருவார், கூடவே நிற்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள், குடியிருப்போர் கூட்டத்துக்குப் போய் மாடி வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் தன் சார்பில் எதிர்க்க வேண்டும் என்றார். போனாள், எதிர்த்தாள். மாடி வீட்டுக்காரர் சொன்னது நியாயமாகப் பட்டதால் கொஞ்சம் மெதுவாக எதிர்த்தாள். நான்காம் நாள் குளிக்கும்போதுகூட போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

அவள் தங்கைக்குப் பொறுக்கவில்லை. தங்கை ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அங்கே அரை நாள் பயிற்சி வகுப்பு வைத்து எல்லோருக்கும் 'எல்லை வகுத்தல்' சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்போது அதுதான் நாகரிகம்.

"அக்கா, வாடிக்கையாளரா இருந்தா என்ன? நீ உனக்குன்னு ஒரு எல்லை வகுக்கணும். கண்ணாடி முன்னாடி நின்னு மூணு தடவை சொல்லிப் பழகு."

பழகினாள். அடுத்த போனில் ஒரே மூச்சில் சொன்னாள்: "சார், நமக்குள்ள ஒரு எல்லை இருக்கணும்னு நினைக்கிறேன்."

சொன்ன கையோடு வேலை போயிற்று என்று நினைத்தாள். ஆனால் அவர் குரல் இதுவரை இல்லாத அளவுக்குக் குழைந்து வந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. இது நம்ம இலாகா ஆச்சே!"

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. துணை இயக்குநர் இறங்கினார். பின்னாலேயே அளவு நாடா, ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட் சகிதம் சர்வேயர் இறங்கினார்.

"சார், நான் சொன்னது வந்து... மனசளவுல..."

"மனசு எங்க அதிகார வரம்புல வராதும்மா. தரைதான் வரும்."

வாசலில் தொடங்கிய வெள்ளைக்கோடு கூடத்தைப் பிளந்து, சமையலறை வழியாகப் போய், பின்சுவரில் முட்டி நின்றது. மேற்கே அவளுக்கு, கிழக்கே அவருக்கு. அடுப்பு அவள் பக்கம் விழுந்தது. குழாய் அவர் பக்கம். ஒரு சொம்புத் தண்ணீருக்கு மனு எழுதினாள். அவரும் காப்பி வேண்டி உரிய வழியில் விண்ணப்பித்தார்.

"நீங்கதான் வந்துட்டீங்களே சார், நான் கிளம்பட்டுமா?"

"நான் எங்கம்மா வந்தேன்? ஆவணப்படி இன்னும் அஞ்சு நாள் சுற்றுப்பயணத்துலதான் இருக்கேன். ஆளில்லாத வீட்டுல வாயில்லா ஜீவனைத் தனியா விட்டுட்டா போவீங்க?"

இந்த ஏற்பாடு பற்றித் தகவல் அறிவிக்கப்படாத ஒரே நபர் பஞ்சு. அது வழக்கம்போலக் கூடத்தின் நடுவில், கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. சர்வேயர் மண்டிபோட்டு அளந்தார். தலை, முன்னங்கால், மார்பு முதல் தொப்புள் வரை மேற்கே, மிச்சம் கிழக்கே.

துணை இயக்குநர் கூடத்திலேயே முகாம் அலுவலகம் போட்டு ஆணை பிறப்பித்தார். மேற்படி நாயின் முற்பகுதி பராமரிப்பாளரையும், பிற்பகுதி உரிமையாளரையும் சாரும். சாப்பாடு போடுவது அவள். அதன்பின் நிகழ்வதற்கு அவர். ஆணையின் இந்த அம்சம் மாலையில்தான் அவருக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் முத்திரை வைத்தாகிவிட்டது. பழைய துணியும் வாளியுமாக அவர் தன் கடமையை ஆற்றினார்.

மறுநாள், பஞ்சு புரண்டு அழித்திருந்த கோட்டைச் சர்வேயர் மறுபடி பூசி முடித்தார். மதியம், அதே முத்திரை மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. பஞ்சு அதை முகர்ந்தது. ரப்பர் பாகத்தைக் கடித்து விழுங்கிவிட்டு, மரப்பிடியை மட்டும் மரியாதையாகத் தரையில் விட்டது.

கொஞ்ச நேரத்தில் அதற்கு வாயில் நுரை தள்ளியது. வயிறு இழுத்துக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சரிந்தது.

"சார், இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்!"

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "தூக்கணும்மா. ஆனா முழுங்கினது வாய். அது உங்க பகுதி. இப்ப அது வயித்துல..."

"வயித்துக்குக் குறுக்கதான் சார் கோடு போகுது" என்றார் சர்வேயர்.

"அப்ப கூட்டு நடவடிக்கை. அதுக்குத் தனி ஆணை வேணும்."

"போடுங்க சார், சீக்கிரம்!"

"எழுதிடலாம். முத்திரை?"

மூன்று பேரும் நாயைப் பார்த்தார்கள்.

துணை இயக்குநரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் முத்திரையில்லாமல் அவர் எதையுமே செய்ததில்லை. "ஏதாவது பண்ணுங்கம்மா" என்றார்.

"தள்ளுங்க" என்றாள் அவள். முப்பது கிலோவையும் ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே பாய்ந்தாள்.

"அம்மா, எல்லை மீறுறீங்க!" என்று அழுதுகொண்டே அவர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் ஒரே ஊசியில் வாந்தி எடுக்கவைத்தார். முத்திரை முழுசாக வெளியே வந்து விழுந்தது; ஓரத்தில் ஒரு பல் தடம், அவ்வளவுதான். பஞ்சு வாலை ஆட்டியது. துணை இயக்குநர் அதைக் கட்டிக்கொண்டு விம்மினார். "என் குழந்தையைக் காப்பாத்திட்டீங்கம்மா" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவளும் அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்குப் பதிவுத் தபால் வந்தது. 'பார்வையில் காணும் எல்லையைத் தாங்கள் முன்அனுமதியின்றிக் கடந்ததும், ஈரப் பெயின்டில் பதினொரு காலடித் தடங்கள் ஏற்படுத்தியதும் நிரூபணமாகியுள்ளதால், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நேரில் வந்து விளக்கமளிக்கவும்.' கீழே முத்திரை. அதற்கும் கீழே பேனாவால்: 'பஞ்சு நல்லாயிருக்கு. அடுத்த மாசமும் டூர் இருக்கு. வருவீங்களா?'

கடிதத்தைக் கிழித்து முகத்தில் எறிவது என்ற முடிவோடு அவள் எல்லைக்கற்கள் துறைக்குப் போனாள். வாசலைத் தாண்டித் தெருமுனைவரை வரிசை நின்றது. சர்வேயர் நாலு இடத்தில் வாய்விட்டிருக்கிறார். வீட்டுக்குள் கோடு போட்டுத் தருகிறார்களாம் என்று ஊரே மனுவோடு வந்துவிட்டது. டிவிக்குக் குறுக்கே கோடு கேட்டு அப்பாவும் மகனும் சேர்ந்தே வந்திருந்தார்கள். கட்டிலுக்கு நடுவே கேட்டு ஒரு புதுத் தம்பதி. அவளுடைய பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். தங்கையும் நின்றாள்.

"உங்களுக்கெல்லாம் புத்தி பேதலிச்சுப்போச்சா?" என்று கத்தினாள் அக்கா. "இந்தக் கோட்டால ஒரு உயிரு போகத் தெரிஞ்சுது!"

"தெரியும்மா" என்றார் ஒருவர் பொறுமையாக. "அதான் எங்க மனுவுல நாய் இல்லைன்னு தெளிவாப் போட்டிருக்கோம். நீங்க வரிசையில வாங்க."

உள்ளே போக வேறு வழியில்லை. கடைசியில் போய் நின்றாள். பத்து நிமிஷம் கழித்து ஒரு ஆள் அவளுக்கு முன்னால் நைசாக நுழையப் பார்த்தான்.

"ஏங்க, மனுஷனுக்கு ஒரு எல்லை வேணாமா?" என்று அவள் போட்ட சத்தத்துக்கு வரிசை முழுக்கக் கைதட்டியது.

நானும்தான் தட்டினேன். எனக்கு நேர்முன்னால் நிற்பவள் அவள்தான். காலையிலிருந்து வரிசை நகராததால் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். அதே காரணத்தால் உங்களுக்கு நான் சொன்னேன். என் மனு மாடிப்படி சம்பந்தப்பட்டது. அது இருக்கட்டும், உங்கள் கையிலிருக்கும் மனுவைக் கொஞ்சம் மடித்துப் பிடியுங்கள். முதுகில் குத்துகிறது.