எதிர்வீட்டில் ஒரு அம்மா

இனிமேல் நோட்டீஸ் கிடையாது, பேப்பர் விளம்பரம் கிடையாது, இன்டர்நெட்டில் பிளாக் எழுதியே வீடுகளை வாடகைக்கு விடப் போவதாக எத்திராஜ் அறிவித்தார். ஆஸ்டின் டவுனில் தன்னை விட்டால் வேறு வீட்டுப் புரோக்கர் இல்லை என்பது அவர் கருத்து. அதில் மனைவி வனஜாவுக்கே உடன்பாடு கிடையாது.

அவசரத்துக்குக் காரணம் காலியாகக் கிடந்த எதிர்வீடு. “ஒண்ணாந்தேதி வரைக்கும்தான் ரீ பார்ப்பேன். அப்புறம் சாவி உங்க மச்சினனுக்கு” என்று வீட்டுக்கார லட்சுமம்மா கன்னடம் கலந்து சொல்லிவிட்டார். வனஜா முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். அவள் தம்பி அசோகன் ஒக்கலிபுரத்தில் இருக்கும்போதே ஞாயிறு தவறாமல் வந்து, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, டி.வி. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன். எதிர்வீட்டுக்கே வந்துவிட்டால் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான்.

பிளாக் யோசனை சொன்னவர் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர்.

“எடுத்ததும் விளம்பரம் பண்ணக் கூடாதாம் வனஜா. படிக்கிறவன் அந்த வீட்டுக்குள்ள வாழ்ந்துட்டு வரணும். வாரா வாரம் எழுதணும். அடுத்து என்னன்னு அவனே தேடி வரணும். கடைசியில நம்ம போன் நம்பர்.”

“யார் டைப் அடிக்கிறது?”

“நீதான். தமிழ் டைப்பிங் பாஸ் பண்ணினவளாச்சே.”

“நீங்க சொல்றதை மட்டும் அடிச்சாப் போதுமா?”

“கொஞ்சம் உயிர் குடுத்து அடி.”

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். ஈசிசேரில் சாய்ந்தபடி காவேரித் தண்ணீர், காற்றோட்டம், கிழக்குப் பார்த்த வாசல் என்று சொல்லிக்கொண்டே போவார். வனஜா தட்டிக்கொண்டே இருப்பாள். அவர் முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். அதனால் எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வார். ஏகப்பட்ட பேர் படித்தார்கள். வீடு பார்க்கவும் வந்தார்கள்.

முதலில் சௌம்யா என்ற பெண் புருஷனோடு வந்தாள். தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்த மத்தியானம். எத்திராஜ் கூடத்தைக் காட்டினார், அலமாரியைக் காட்டினார். அவள் எதையும் பார்க்காமல் நேராகச் சமையலறை வாசலுக்குப் போனாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளி, குனிந்து, உள்பக்கமாக வைத்தாள்.

“யாருக்கும்மா இது?”

“அவங்களுக்குத்தான் சார்.”

“எவங்களுக்கு?”

சௌம்யா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “உங்க கண்ணுல இன்னும் படலையா சார்?”

புருஷன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்து வந்தவர் ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் பாலசுப்ரமணியன். சாமிகூடக் கும்பிடாதவர். சமையலறையைப் பார்த்துக் கைகூப்பி, “தொந்தரவு பண்ணலம்மா” என்று மெல்லச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமலே வெளியேறினார்.

எத்திராஜ் தனியாக நின்றார். அப்போதுதான் பால் காயும் வாசனை வந்தது. அந்த வீட்டில் அடுப்பே கிடையாது.

“யாரு?” என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. பதில் வரவில்லை. ஆள் இல்லாமல் பதில் வராதது ஒரு தினுசு. இது, யாரோ இருந்துகொண்டு பதில் சொல்லாத தினுசு. செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடி வந்தார்.

அந்தச் சமையலறை ஜன்னல் அவருடைய சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அப்படியும் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் சீக்கிரம் ஒரு மனுஷன் குடியேறினால் போதும், எந்த மனுஷனாக இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

“உன் தம்பியை வரச் சொல்லு” என்றார்.

“அவன் மாட்டேங்கிறான்ங்க. என்னமோ கேள்விப்பட்டிருக்கானாம்.”

எத்திராஜ் ஒக்கலிபுரத்துக்கே போனார். மச்சினன் காலைப் பிடிக்காத குறைதான்.

“பயமா இருக்கு மாமா. மூணு வேளையும் அக்கா வீட்டுலயே சாப்பிட்டுக்கட்டுமா?”

“தாராளமா சாப்பிடுப்பா.”

“டி.வி.யும் அங்கேயே...”

“ரிமோட்டை நீயே வச்சுக்கோ. வந்து விளக்கேத்துனாப் போதும்.”

அசோகன் குடிவந்த அன்று, சௌம்யா இனிப்போடு வந்து நின்றாள். “அந்தம்மா நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நேத்து உங்க பிளாக்ல படிச்சதும் அழுதுட்டேன் சார். அவங்களுக்குப் பூன்னா உயிராச்சே.”

எத்திராஜ் முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் படித்தார். காவேரித் தண்ணீருக்கும் காற்றோட்டத்துக்கும் நடுவே, பூ வாங்கி வரப்போன புருஷனுக்காக இன்னும் சமையலறை வாசலில் காத்திருக்கும் ஒரு அம்மா. பதிவுக்குப் பதிவு கொஞ்சம் கிட்டே வருகிற அம்மா. எல்லாம் வனஜாவின் கைவண்ணம். பால் வாசனை பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

“அந்தப் பால் வாசனை?” என்றார் எத்திராஜ்.

“அதை நான் எழுதலையே” என்றாள் வனஜா. ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “விடுங்க. அடுத்து நம்ம வீட்டைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். அதுல ஒருத்தர் இருக்கார். ரூம் ரூமா நடமாடுவார், பேசிக்கிட்டே இருப்பார். அவர் பேசுறது யார் காதுலயும் விழாது.”

எத்திராஜ் ஏதோ சொன்னார். அசோகன் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தான்.