சொட்டிக்கொண்டே இருந்த குழாய்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே முள்ளம்பன்றி மங்கையர்க்கரசி ஏழு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, ‘பலான படங்களில் நகைச்சுவையின் இடம்’. அவள் கண்டுபிடித்தது ரொம்ப எளிமையான விஷயம். இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் பாதி நேரம் சிரிக்கிறார்கள். இவற்றை ஆராய்கிறவர்கள் எழுதிக் குவித்ததில் மட்டும் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை.

கால நீட்டிப்பு இரண்டு தடவை வாங்கியாயிற்று. அன்றைய வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் பதிவே ரத்து. பாவம், முள்ளெல்லாம் நடுங்க வந்து நின்றாள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். துறைத்தலைவர் யானை, அவளுடைய நெறியாளர் கொக்கு, பக்கத்துக் காட்டிலிருந்து வந்த குரங்கு. அவள் ஆராய்ந்த படங்களில் ஒன்றையாவது பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் துறையில் அப்படியொரு ஒற்றுமையை யாரும் கண்டதில்லை. அலுவலக உதவியாளர் கழுதை திரையைக் கட்டிப் படத்தை ஓட்டியது.

படத்தில் ஒரு கீரி அம்மாள் வீட்டில் குழாய் சொட்டுகிறது. சரிசெய்யப் பெருச்சாளி வருகிறார். வந்தவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை, மற்றதெல்லாம் நடக்கிறது. குழாய் அதுபாட்டுக்குச் சொட்டுகிறது. நடுவில் ஒரு தடவை கீரி அம்மாள் எட்டி வாளியை மட்டும் மாற்றி வைக்கிறாள்.

சிரித்தால் ரசித்ததாக ஆகிவிடுமே என்று மூவரும் இஞ்சி தின்ற குரங்கு போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். குரங்குக்கு அதில் சிரமமில்லை. யானைக்குத்தான் வயிறு குலுங்கியது, தும்பிக்கையைக் கடித்துக்கொண்டது. கதவோரம் நின்ற கழுதை மட்டும் வாய்விட்டுச் சிரித்தது.

பாதியில் யானை படத்தை நிறுத்தச் சொன்னது. “மூணு பேர் பார்த்தோம். ஒருத்தரும் சிரிக்கலை. உங்க முடிவு தப்பும்மா.”

“கழுதை அண்ணன் சிரிச்சாரே, சார்” என்றாள் முள்ளம்பன்றி.

அலுவலகப் பணியாளரின் சிரிப்பை ஆய்வுத் தரவாக ஏற்க இயலாது என்று குரங்கு விதி எண்ணோடு சொன்னது.

அவளுக்கு அழுகை முட்டியது. “அந்தக் குழாயைக் கடைசி வரைக்கும் யாருமே சரிபண்ணலையே சார். அதுதான் சார் சிரிப்பே.”

கொக்குக்கு மாணவியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “ரெண்டாம் பாகத்துல சரிபண்ணிடுவான்மா” என்றது ஆறுதலாக.

குரங்கு சட்டென்று கொக்கைத் திரும்பிப் பார்த்தது. யானைக்குத் தவறான தகவலைக் கேட்டால் பொறுக்காது, முப்பது வருடப் பேராசிரியர் அல்லவா. “மூணாம் பாகத்துல” என்று திருத்தியது.

அதன்பிறகு ஐந்தே நிமிடத்தில் பட்டம் கிடைத்துவிட்டது. சிரிப்பு வருகிற அத்தியாயங்களை எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. எடுத்துப் பார்த்தால் குழாய் மட்டுமே மிஞ்சியது. இப்போது அவள் நீர்வளத் துறையில் உதவிப் பேராசிரியர். ஆய்வைப் பற்றி யார் கேட்டாலும் சிரிக்காமல் பதில் சொல்கிறாள். பணிநேரத்தில் சிரித்ததற்கு விளக்கம் கேட்டுக் கழுதைக்கு மெமோ வந்தது.

நீதி: எத்தனை பாகம் வேண்டுமானாலும் பார்க்கலாம், சிரிக்கிறவன்தான் ஆபாசமானவன்.