பல்லி சொன்ன கொலைகாரன்

ஒரு காட்டில், புலிக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு சிக்னல் போய்விடுமோ என்று எல்லாரும் பயப்படத் தொடங்கியிருந்த காலத்தில், கெட்டியப்பன் என்றோர் உடும்பு வாழ்ந்து வந்தது. அவனுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று தீராத ஆசை. பாம்பு அல்லவா படம் எடுக்கும் என்று காடே சிரித்தது. உடும்பு பிடித்தால் விடுமா? மூன்று மழைக்காலம் பாடுபட்டு ஒரு படத்தை எடுத்தே முடித்துவிட்டான்.

படத்தின் பெயர் 'உருட்டியது யார்?'. கற்காலத்தில் நடக்கும் மர்மக்கதை. மலையடிவாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ராட்சதப் பல்லித் தலைவர் மேல் ஒரு பாறை உருண்டு விழுகிறது. உருட்டியது கரடியா, காண்டாமிருகமா என்று ஒரு கீரி துப்பறிகிறது. ஆமைதான் உருட்டியது என்பது கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியவரும். நாலடி நகரவே நாழியாகிற ஆமையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்த ஒரு முடிச்சை நம்பித்தான் மொத்தப் படமும். கட்டிய மனைவியிடம்கூட கெட்டியப்பன் அதை மூச்சு விடவில்லை.

ஆமையாக நடித்தவர் குளக்கரைப் பொறுமைநாதர். வயது நூற்றெழுபது. படப்பிடிப்பு காலை ஆறு மணிக்கு என்றால் முந்தின நாள் காலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். நட்புக்காக நடித்தார், ஒரு கீரைக்கட்டுகூட வாங்கிக்கொள்ளவில்லை.

படத்தை வெளியிட 'காட்டோடை' என்ற தளம் முன்வந்தது. ஓடைத் தண்ணீர் மாதிரி படங்கள் ஓடிக்கொண்டே இருக்குமாம். அதன் மேலாளர் கோமளேசன் என்ற நரி, நாற்பது பக்கப் படிவம் ஒன்றை நீட்டினான். அதில் 'கதை நடக்கும் தேதி' என்று ஒரு கட்டம். நாள், மாதம், வருடம் மூன்றையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. கற்காலத்துக்கு எங்கே போய்த் தேதி தேடுவது? கெட்டியப்பன் போன செவ்வாய்க்கிழமையைப் போட்டுவிட்டான். படம் 'அண்மைச் செய்திகள்' பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டது.

"வெளியான மூணு நாளைக்குள்ள காட்டுல பாதிப் பேர் கடைசி வரைக்கும் பாத்திருக்கணும் தம்பி. இல்லைன்னா எடுத்துருவோம்" என்றான் கோமளேசன்.

"எடுத்து எங்கே வைப்பீங்க?"

"எங்கேயும் வைக்க மாட்டோம்."

கெட்டியப்பனிடம் இருந்தது ஒரே பிரதி. அதையும் படிவத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் தளத்துக்கே எழுதிக் கொடுத்துத் தொலைத்திருந்தான்.

அவன் இப்படிப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குகைச் சுவரில் உட்கார்ந்து ஒலிக்கலவையைத் தனியாக முடித்துக் கொடுத்தவள் சகுனவல்லி என்ற பல்லி. காட்டிலேயே கூர்மையான காது அவளுக்குத்தான். ஆனால் பல்லிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. உண்மை காதில் விழுந்தால் நாக்கு சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் படம் வெளியானது. காடு எப்படிப் பார்க்கிறது என்று பார்க்க, செண்பகம் என்ற அணிலின் மரத்தில் கெட்டியப்பன் ஒட்டிக்கொண்டான். நான்காவது நிமிடம், திரையில் கீரி யோசித்தது.

"கரடி உருட்டியிருக்குமோ?" சத்தமில்லை. "காண்டாமிருகமாக இருக்குமோ?" அதற்கும் சத்தமில்லை. "ஆமைதான் உருட்டியது என்றால் நம்ப முடிகிறதா?" என்று கேட்டுவிட்டுக் கீரி சிரித்தது.

"ச்சு... ச்சு... ச்சு..." என்று படத்தின் ஒலிக்குள்ளிருந்தே ஒரு பல்லி சொன்னது.

செண்பகம் பழக்க தோஷத்தில் கிளையை மூன்று தடவை தட்டினாள். "பல்லி சொல்லிடுச்சு, ஆமைதான்! ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

கெட்டியப்பன் பிடி நழுவிக் கீழே விழுந்தான். அந்தக் காட்டில் ஓர் உடும்புக்குப் பிடி நழுவியது அதுதான் முதல் தடவை.

எழுந்து குகைக்கு ஓடினான். "நான் என்ன செய்யட்டும்? உண்மைன்னு பட்டா வாய் தானா சொல்லிடுது" என்றாள் சகுனவல்லி. நரியிடம் ஓடினான். ஒலியைத் திருத்த இன்னொரு படிவம் தர வேண்டும், நாற்பது நாள் ஆகும் என்றான் கோமளேசன். படத்தின் ஆயுளே மூன்று நாள்தான் என்பதை அவனிடம் சொல்லி என்ன பயன்? கெட்டியப்பன் புற்றுக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், படம் பார்த்தவர்கள் கணக்கை எழுதிவைக்கும் ஆலமரத்துப் பலகையில் பார்த்தால், பாதிக் காட்டை எட்ட இன்னும் பத்தே பேர்தான் பாக்கி. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செண்பகத்திடமே கேட்டான்.

"யாருன்னு தெரியாத படம்னா கண்ணு கொட்டாம உக்காந்து பாக்கணும்ணே. யாருக்கு நேரம் இருக்கு? இது முதல்லயே தெரிஞ்சுபோச்சு. வேலையைப் பாத்துக்கிட்டே பாத்தோம். அந்தக் கீரி முழிக்கிற முழி இருக்கே, எங்களுக்கு இருக்கிற மூளைகூட அதுக்கு இல்லையே!"

அப்போது பொறுமைநாதர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமையே கிளம்பியவர். பின்னால் ஒரு கூட்டமே வந்திருந்தது.

"தம்பி, குளத்துல எனக்கு ஒரு மடக்குத் தண்ணி குடிக்க விட மாட்டேங்கறாங்க. கொலைகாரன்னு சொல்றாங்க. இது நீ கட்டுன கதைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா."

"கற்காலத்துல நடந்த கொலைக்கு இவர் எப்படி?" என்று யாரோ ஒரு முயல் இழுத்தது.

"இவருக்கு வயசு என்ன? அந்தக் காலத்து ஆளுதானே!" என்றது கரடி. கூட்டம் ஆமாம் போட்டது.

கெட்டியப்பன் பெரியவரைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். கதை என்று சொன்னால் பல்லி பொய் சொன்னதாகிவிடும். பல்லி பொய் சொன்னால் மீதிப் பத்துப் பேர் வர மாட்டார்கள். மூன்று மழைக்காலமும் எங்கேயும் வைக்கப்படாமல் போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்றான்.

அடுத்த நொடியே முப்பது பேர் படத்தைத் திறந்தார்கள். பொறுமைநாதருக்கு வீடு முதுகிலேயே இருந்ததால் மூட்டை கட்டும் வேலையும் இல்லை. அப்படியே திரும்பி நடந்தார். ஆனால் ஆமை காட்டை விட்டுப் போவது சட்டென்று முடிகிற காரியமா? மதியம் ஆகியும் அவர் கண்ணை விட்டு மறையவில்லை. கெட்டியப்பனுக்கு நெஞ்சை அறுத்தது. என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

கோமளேசன் அவன் தோளைத் தட்டினான். "என்ன தம்பி நின்னுக்கிட்டு இருக்கீங்க? ரெண்டாம் பாகத்துக்கு இதைவிட நல்ல காட்சி அமையுமா?"

கெட்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஈரக் கண்ணோடு பார்த்தால் ஃபோகஸ் சரியாக வராது. பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா நடங்க" என்றான்.

நீதி: கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை மறைக்க வேண்டியதில்லை; அது கதை என்பதை மட்டும் மறைத்தால் போதும்.