அக்கரைத் தாத்தாக்கள்

உலகத்தில் தேசபக்தர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு தேசம்தான் வாய்த்தது. ஒரே நெஞ்சில் இரண்டு தேசங்களைச் சண்டை சச்சரவு இல்லாமல் குடிவைத்த மகான், கென்யாவில் எங்கள் கோயோ வட்டாரத்தின் பேரவை உறுப்பினர் மாண்புமிகு ஸப்லோன் மிகோட் ஒருவரே. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அவருடைய இரண்டு பக்திக்கும் டைப் அடித்தவன் நான்.

வட்டார அதிகாரியான சீஃபின் ஆபீஸுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு டைப்ரைட்டர், விக்டோரியா ஏரிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கல், இவ்வளவுதான் என் அலுவலகம். பெயர் அபிசாய். ஊரார் வாயில் கராணி, அதாவது குமாஸ்தா. பிறந்தது, செத்தது, நடுவில் அடித்துக்கொண்டது எல்லாம் என் மெஷினில் ஏறி இறங்கித்தான் அரசாங்கத்திடம் போகும்.

எங்கள் ஊரில் ஒருவனைக் கொலைகாரன் என்று திட்டலாம், மறுநாளே சேர்ந்து உகாலிக் களி சாப்பிடுவான். "ஜடாக்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒண்ட வந்தவன், அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டவன் என்று பொருள். மூன்று தலைமுறை தாண்டினாலும் அந்தப் பெயர் போகாது. மாண்புமிகு இந்த ஒரு சொல்லை வைத்தே மூன்று தேர்தல் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர்கள் எல்லோரும் ஜடாக், அவர் மட்டும் மண்ணின் மைந்தர். ஆதாரமாகத் தன் தாத்தாவுக்கு வீட்டு வாசலில் பளிங்குக் கல்லறை கட்டி, "இம்மண்ணில் பிறந்து இம்மண்ணில் உறங்குகிறார்" என்று பொறித்தார். அந்த வாசகமும் என் மெஷினில் பிறந்ததுதான்.

அவரே "பூர்வீக நிலக் காப்புக் குழு"வின் தலைவர். அவரோடு சேர்த்து ஆறு பேர். யார் பூர்வீகம், யார் ஜடாக் என்று பிசகில்லாமல் பிரித்துச் சொல்லும் உன்னதமான குழு. அப்போது அவர்கள் முன்னால் இருந்தது ரிஸ்பா அகினியின் வழக்கு. சந்தையில் ஓமேனா கருவாடு விற்கிறவள். புருஷன் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். எங்கள் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே புதைத்தாயிற்று. அந்த வீடு ரோட்டு முனையில் இருந்ததுதான் அவள் செய்த பாவம். அதே முனையில் மாண்புமிகு "மக்களுக்காக" ஒரு பெட்ரோல் பங்க்கைக் கனவு கண்டிருந்தார். புருஷனுடைய தாத்தா ஏரி தாண்டி வந்தவர் என்று புகார் கிளம்பியது. புகாரை எழுதச் சொன்னது யார் என்று டைப் அடித்தவன் சொல்லக் கூடாது. தொழில் தர்மம்.

இந்தச் சமயத்தில்தான் நைரோபியிலிருந்து ஒரு "குடியுரிமை ஆலோசகர்" போன் போட்டார். மாண்புமிகு என் கொட்டகையில் உட்கார்ந்தபடி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"உங்க அப்பா, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துல, இந்தக் காலனியிலதானே பொறந்தாரு?"

"ஆமா."

"அப்ப பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பாதி கைக்கு வந்தாச்சு ஐயா."

"மீதிப் பாதி?"

"உங்க தாத்தா பாட்டி இங்க பொறந்திருக்கக் கூடாது. பொறந்திருந்தா, சுதந்திரத்தன்னைக்கே உங்க அப்பா தானா கென்யாக்காரர் ஆயிட்டாரு, கதை முடிஞ்சுது. அவங்க வெளியிலேர்ந்து வந்தவங்கன்னா, அப்பாவோட பிரிட்டிஷ் உரிமை போகவே இல்லைன்னு வாதாடிப் பாக்கலாம். தாத்தா எந்த ஊரு?"

மாண்புமிகு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஏரிக்கு அந்தப் பக்கம். பாட்டியும்தான். அப்ப ஜெர்மன்காரன் வச்சிருந்தானே, அந்தக் கரை," என்றார்.

மறுமுனையில் ஆலோசகர் சிரித்தது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும், விஷயம் தெரிந்த ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"எழுது கராணி. 'என் பாட்டனார் ஒரு ஜடாக்.'"

"மெஷிமிவா, நெஜமாவா?" என்றேன். மாண்புமிகு என்பதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

"பெரிய எழுத்துல போடு. லண்டன்காரனுக்குக் கண்ணுல படணும்."

"கல்லறையில வேற மாதிரி இருக்கே?"

"அது ஓட்டுக்கு. இது பாஸ்போர்ட்டுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத. அப்புறம் தமாஷ் ஆயிடும்."

எப்பேர்ப்பட்ட தெளிவு பாருங்கள்.

சாட்சிக்குத்தான் திண்டாட்டம். விஷயம் தெரிந்த கிழவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். மிஞ்சியது ரிஸ்பா. அவளுடைய மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதையே இதுதான்: தன் அப்பாவும் மிகோட்டின் தாத்தாவும் ஒரே படகில் மாறி மாறித் துடுப்புப் போட்டு இக்கரைக்கு வந்தவர்கள். ஆள் அனுப்பினோம். கருவாட்டு வாசத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, மெஷிமிவாவோட தாத்தா படகுல வந்தவர்னு நீங்க சாட்சி சொல்லணும்."

"போன மாசம் இதைச் சொல்லியிருந்தா என் நாக்கை இழுத்து வச்சு அறுத்திருப்பீங்களே தம்பி."

"உண்மையைச் சொல்றதுக்கு என்ன பயம்?" என்றார் மாண்புமிகு, அன்பாக. "தைரியமா போடு கையெழுத்தை."

அவள் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்கும் ஒரு காப்பி குடு தம்பி," என்றாள்.

கார்பன் நகலைக் கொடுத்தேன். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இந்தப் பொம்பளை ஆளைக் கவிழ்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மீனவர் சங்கக் கட்டடத்தில் விசாரணை. குறிப்பு எழுத நானும் இருந்தேன். ரிஸ்பா எழுந்து நகலை மேஜைமேல் வைத்தாள்.

"என் வீட்டுக்காரரோட தாத்தா ஜடாக்குன்னா, அதே படகுல வந்த உங்க தலைவரோட தாத்தா யாரு? அவரே எழுதிக் குடுத்திருக்காரு, படிச்சுப் பாருங்க."

செயலாளர் ஒபியெரோ, ரிட்டயரான தலைமையாசிரியர், இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். காகிதம் ஐந்து பேர் கையிலும் ஏறி இறங்கியது. மாண்புமிகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷிமிவா," என்றார் ஒபியெரோ. "இதை எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே."

ஒபியெரோ நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எங்க அப்பாவும் காலனியிலதானே பொறந்தாரு. அந்த நைரோபிக்காரர் நம்பரை எனக்கும் குடுத்திருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு கூட்டம் சூடு பிடித்தது. பொருளாளர் ஓகேட்ச் எழுந்து, தன் தாத்தாவும் வந்தவர்தான் என்றார்.

"உன் தாத்தாவா? அஞ்சு தலைமுறை இங்கேதான்னு போன கூட்டத்துல மேஜையை ஒடைச்சியே," என்றார் ஒபியெரோ.

"அது நிலத்துக்குப் பேசினது. எங்க தாத்தா காங்கோக்காரர்."

"எங்க தாத்தா சூடான். நடந்தே வந்தாரு," என்றார் இன்னொரு உறுப்பினர்.

"அவரு சூடான்லதான் பொறந்தாருன்னு என்ன நிச்சயம்? நடந்துவர்ற வழியில, நம்ம எல்லைக்கு உள்ள பொறந்திருந்தா? செல்லாது சார்."

ஆளாளுக்குத் தன் தாத்தாவை அடுத்தவர் தாத்தாவைவிடக் கூடுதல் தூரத்துக்குத் துரத்திவிட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் குறிப்பில் எழுதினேன்: "இக்குழு உறுப்பினர்களின் பாட்டனார்கள் அனைவரும் வெளியிலிருந்து வந்தவர்களே என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ரிஸ்பா நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"அப்ப என் வழக்கு?"

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் மாண்புமிகு. "ஒரே படகுன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. ஜடாக் குடும்பம்தான். காலி பண்ணணும்."

"அப்ப நீங்க?"

"நாங்க போகப் போறவங்கம்மா. போறவங்களுக்கு எதுக்குப் பூர்வீகம்? இங்கேயே இருக்கப் போறவ நீ. உனக்குத்தான் அது வேணும். உன்கிட்ட இல்லையே."

ரிஸ்பா ஆறு முகங்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து எழுதினேன்.

"அவரு முற்றத்துல படுத்திருக்காரு," என்றாள்.

ஒபியெரோ விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எடுத்துட்டுப் போறதா இருந்தா குழுவுக்கு ஆட்சேபணை இல்லை," என்றார்.

அந்த வாரம் என் மெஷினுக்கு ஓய்வில்லை. ஐந்து தாத்தாக்களுக்கு ஐந்து பிரமாணப் பத்திரம், ரிஸ்பாவுக்குப் பதினாலு நாள் கெடு. கெடுவில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்று ஒபியெரோ என் முதுகில் தட்டினார். அவள் சட்டி பானைகளோடும் கருவாட்டுக் கூடைகளோடும் அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினாள். என் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. நல்லவேளை என்றிருந்தது எனக்கு. அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

லண்டனிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. போகப் போகிற ஆறு பேரும் இங்கேயேதான் இருக்கிறார்கள். போன மாதம் பெட்ரோல் பங்க் திறப்பு விழா. ஆறு பேரும் வரிசையாக நின்று ரிப்பன் வெட்டினார்கள். அவர்கள் நின்ற சிமெண்டுத் தரைக்கு அடியில் ரிஸ்பாவின் புருஷன் படுத்திருந்தான். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன்.