கணக்கில் வராத ஆறு பந்துகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. செய்யாதே என்று யாராவது சொல்லிவிட்டால், செய்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல் தூக்கம் வராது. மாரண்டஹள்ளி கிரிக்கெட்டில் என் பெயர் கெட்டது அதனால்தான்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மாதா கோயில் அணியில் நான்தான் பெரிய ஆள். மட்டையும் பிடிப்பேன், பந்தும் போடுவேன். (இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.) தக்காளி ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவியதும் எல்லாம் போச்சு. கை குணமானால் கோயிலுக்கு வெள்ளியில் ஒரு கை செய்து வைப்பதாக அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காணிக்கை வைக்கும்வரை மகன் பந்து போடமாட்டான் என்று என் சார்பிலும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார்.

நாலு மாதத்தில் மட்டை பிடிக்கத் தொடங்கினேன். திருவிழா அன்று மாலைப் பூசையில் காணிக்கை. மதியம் பாலக்கோட்டு அணியோடு மேட்ச். எனக்கோ, ஆஃப் பக்கம் விழுந்து உள்ளே திரும்பும் என் பழைய பந்து கைக்குள் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் அழுகிய தக்காளிகளை வேலியில் வீசிப் பார்த்திருந்தேன். உடைந்தனவே தவிர, ஒன்றும் திரும்பிக் காட்டவில்லை.

கடைசி ஓவர். பாலக்கோட்டுக்கு ஏழு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். கேப்டன் பெஞ்சமினிடம் போய்ப் பந்தைக் கேட்டேன்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடுவாங்கடா."

"அவங்க கோயிலாண்ட விருந்துக்குச் சமைச்சிட்டிருக்காங்க. இங்க எங்க பாக்கப் போறாங்க? குடுறா."

அம்பயர் எங்கள் பங்குச் சாமியார், வெள்ளை அங்கியோடு. முதல் பந்து லெக் பக்கம் எங்கேயோ போனது. சாமியார் இரு கைகளையும் விரித்தார். வைடு. அடுத்தது ஆஃப் பக்கம் போனது. வைடு. இப்படியே வரிசையாக ஐந்து. கீப்பர் உருண்டு புரண்டு தடுத்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ரன்னோடு தப்பித்தோம்.

கோயிலருகே சமையல் அண்டா பக்கத்திலிருந்து பார்த்த பெண்களுக்கு, சாமியார் மைதானத்தின் நடுவே கைகளை விரிப்பதும் இறக்குவதும் மட்டும்தான் தெரிந்தது. ஜெபத்துக்குத்தான் அவர் அப்படி விரிப்பார். யாருக்கோ உயிர் போகிறது என்று முடிவுகட்டி, கரண்டியோடு ஓடிவந்து, பிட்ச் ஓரமாக முழங்காலிட்டுச் சிலுவை போட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் என் அம்மா.

"யாருக்கு என்னாச்சுங்க சாமி?"

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா என் கையிலிருந்த பந்தைப் பார்த்துவிட்டார்.

"அடப்பாவி! சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியலியா? மாதாவுக்குக் குடுத்த வாக்கு என்னடா ஆவறது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஓவரை நிறுத்தக் கூடாது என்று பாலக்கோட்டுக்காரர்கள் கத்தினார்கள். ஓடிவந்து போட்டேன். பந்து ஆஃப் பக்கம் விழுந்தது, உள்ளே திரும்பியது, நடு ஸ்டம்பைச் சாய்த்தது. அதே பழைய பந்து! குதித்துக்கொண்டே திரும்பினால், சாமியார் கைகளை விரித்தபடி நிற்கிறார்.

"ஸ்டம்பே போயிடுச்சுங்க சாமி!" என்று அலறினான் பெஞ்சமின்.

"விரிச்சது விரிச்சதுதான்பா. வைடு."

நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே பாலக்கோட்டுக்காரர்கள் ஒரு ரன்னும் ஓடி ஜெயித்துவிட்டார்கள். சாமியார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மாவிடம் போனார்.

"எதுக்கும்மா அழுவறீங்க? வைடெல்லாம் ஓவர் கணக்குல சேராதும்மா. உங்க மவன் இன்னும் ஒரு பந்துகூடப் போடல. வாக்கு அப்படியேதான் இருக்குது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாலையில் வெள்ளிக் கையை நிம்மதியாக வைத்தார்.

இன்றும் நான் வீட்டில் எதையாவது புதிதாகத் தொடங்கினால், மனைவியும் மகளும் இரண்டு கைகளையும் விரித்து நிற்பார்கள். அது பரவாயில்லை. அந்தக் கடைசிப் பந்துக்குச் சாமியாரின் கை பழக்கத்தில் விரிந்ததா, அம்மாவுக்காக விரிந்ததா என்பதுதான் என்னைக் குடைந்தது. சாமியார் மாற்றலாகிப் போகும் நாளில் பஸ் ஸ்டாண்டில் கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார்.