சத்தம் போடாத கம்ப்ரஸர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சாரின் வீட்டுப் பட்டறைக்குச் சத்தம் போடாத கம்ப்ரஸர் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாற்றுக்கு முன்னால், அது வெறும் தீக்குச்சி உரசிய கதை.

சார் ஓய்வுபெற்ற அதிகாரி. வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறையாக்கி, தெரிந்தவர்களின் வண்டிகளைப் பழுது பார்க்கிறார். அதாவது, அவர் பார்ப்பார். பழுதை நான் எடுப்பேன். இன்ஜின் தூசியை வாயால் ஊதுவதும், டயருக்குக் கால்பம்பை மிதித்துக் காற்றடிப்பதும் என் இலாகா. இந்தச் சேவையைப் பாராட்டி எனக்குக் 'காத்து' என்ற பட்டமும், வலது முட்டியில் ஒரு வீக்கமும் வழங்கப்பட்டிருந்தன.

ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"சார், முட்டி மடங்கவே மாட்டேங்குது. ஒரு கம்ப்ரஸர் வாங்கிட்டா..."

"வாங்கிடலாம்ப்பா. ஆனா சத்தம்?" என்று சார் விரலை மேலே காட்டினார்.

மேலே என்றால் கடவுள் இல்லை, சாரின் மாமனார். ஷெட்டுக்கு நேர் மேலேதான் அவர் அறை. மதியம் சாப்பிட்டதும் கண்ணயர்வார். வீடு அவர் பெயரில் இருக்கிறது. ஆகவே அவர் தூக்கம் கலைந்தால் பட்டறையும் கலையும்.

உடனே 'ஒலித் தணிப்பு ஆலோசனைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் சார். நிபுணர், சாரின் மச்சான்; கம்ப்ரஸர் வீடியோ ஒன்று விடாமல் பார்த்தவர், கம்ப்ரஸரை மட்டும் பார்த்ததில்லை. சிறப்பு அழைப்பாளர் சாரின் மனைவி. டீ போடுவதும் அவர்தான். எனக்கும் பதவி கிடைத்தது: நின்றுகொண்டிருப்பது.

"டெசிபல் பார்க்கணும் அத்தான்," என்றார் மச்சான். "அறுபதுக்குக் கீழ இருந்தா வெறும் பேச்சு சத்தம் அளவுதான்."

"யார் பேச்சு? உங்க அக்கா பேச்சா?"

டீ டம்ளர் ஒன்று மேசையில் 'டங்'கென்று இறங்கியது. அது எத்தனை டெசிபல் என்று ஆராயும் துணிச்சல் குழுவுக்கு இல்லை.

"அளக்கறதுக்கு மீட்டர் வேணுமே?"

"எதுக்கு அத்தான்? அப்பாதான் இருக்காரே!"

இவ்வாறாக, உறங்கும் மாமனார் ஒருமனதாக மீட்டராக நியமிக்கப்பட்டார். எழுந்தால் இயந்திரம் தோல்வி. புரண்டால் 'பரிசீலனையில்'. குறட்டை தொடர்ந்தால் வெற்றி.

கடைக்காரர் மூன்று இயந்திரங்களோடு வந்தார். மீட்டர் தூங்கினால்தானே சோதனை? "அவர் அசர்ற வரைக்கும் வழக்கம்போல வேலை நடக்கட்டும்," என்று சார் உத்தரவிட, நான் பம்பை மிதித்தேன். குறட்டை கேட்டதும் முதல் இயந்திரத்தைப் போட்டார்கள்.

மாமனார் தலையணையோடு இறங்கி வந்தார்.

"என்ன மாப்ளே, வீடு இடியுதா?"

"இல்ல மாமா."

"அப்ப இடிக்கறீங்களா?"

மறுநாள் இரண்டாவது இயந்திரம். அதில் 'அமைதியானது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர் அமைதியாகத்தான் இருந்தது. மச்சான் இயந்திரத்தைக் கம்பளியால் மூடினார். சத்தம் குறைந்தது, புகை கூடியது. மாமனார் இந்த முறை இருமிக்கொண்டே இறங்கினார்.

மூன்றாவது நாள், மூன்றாவது இயந்திரம். அது ஓடுகிறதா என்று கடைக்காரரே தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, காற்று பாய்ந்தது. சார் அங்கேயே பணத்தை நீட்டிவிட்டார். நான் கால்பம்பை மூலையில் வைத்துவிட்டு, முட்டியைத் தடவி அதனிடம் நல்ல செய்தியைச் சொன்னேன்.

மாடியில் குறட்டை நின்றது. படியில் காலடி.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் மாமனார்.

"எதை மாமா?"

"அதான், புஸ்ஸு... புஸ்ஸுன்னு ஒண்ணு கேட்குமே. வருஷக்கணக்கா அதைக் கேட்டுத்தான் தூங்கறேன். அது நின்னா எனக்கு எப்படிப்பா கண்ணு மூடும்?"

குழு அவசரமாகக் கூடியது. "காத்து, பம்பை எடு," என்றார் தலைவர். மிதித்தேன். மாமனார் மாடியேறிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கம்பீரமாகத் திரும்பி வந்தது.

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தான், எங்கெங்கேயோ தேடினோமே! இதான் பெஸ்ட் மாடல். கரண்டுகூட வேணாம்!"

"அப்ப இந்த மெஷினு?"

"அது பத்திரமா இருக்கட்டும். ஓட்டினா தேஞ்சிடும்."

"சார், டயர் எல்லாத்துலயும் காத்து நிரம்பிடுச்சே," என்றேன்.

"டயர் எதுக்குப்பா? குழாயைக் கழட்டிட்டு சும்மா மிதி."

சாரின் மனைவி மட்டும் ஒரு ஆட்சேபணை தெரிவித்தார். "இவன் முட்டி கடக்கு கடக்குன்னு சத்தம் போடுதே. அப்பா முழிச்சிக்கப் போறார்."

குழு அதைத் தீவிரமாக விவாதித்து, முட்டிக்கு ஆயில் போடும்படி எனக்கு ஆணையிட்டது.

இப்போது மதியந்தோறும் நான் மிதிக்கிறேன். எதிரே அந்தக் கம்ப்ரஸர் கம்பளி போர்த்திக்கொண்டு சாய்ந்திருக்கிறது. நேற்று கம்பளி கொஞ்சம் விலகியிருந்தது. அதன் வயிற்றில் அச்சடித்திருந்ததை மிதித்துக்கொண்டே எழுத்துக்கூட்டி வாசித்தேன்: 'தொடர்ந்து இயக்காதீர்கள். ஓடிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு கொடுக்கவும்.'

நானும் சட்டையைத் தூக்கி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை.