பாலக்கரைப் பால்கனி

பல் விளக்கிக்கொண்டே பால்கனிக்கு வந்த இருதயநாதனுக்குத் தெருவிலிருந்து ஒரு கும்பிடு கிடைத்தது. யாரென்று யோசிப்பதற்குள் இன்னொருவர் கும்பிட்டார். எதிர் டீக்கடை மருதை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே! இத்தனை நாளா நம்ம ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

"எந்த ஆளுய்யா?"

மருதை உரிமையோடு மேலே கையைக் காட்டினார். இருதயநாதன் அண்ணாந்து பார்த்தார். வாயிலிருந்த பற்பொடி மொத்தமும் உள்ளே போய்விட்டது.

மேல் கயிற்றில், பாதிரியாராகக் குருமடத்தில் படிக்கும் மைத்துனன் லீவுக்கு வந்தபோது துவைக்கப் போட்ட கருப்பு அங்கி. கீழ்க் கயிற்றில், மாதா கோவிலில் பூசைக்கு உதவும் மகனின் சிவப்பு அங்கி. மேலே கருப்பு, கீழே சிவப்பு. தேர்தல் நெருங்குகிற சமயத்தில் அந்தக் கட்சியின் கொடியை இதைவிட அகலமாகப் பாலக்கரையில் யாரும் பறக்கவிட்டதில்லை.

கயிறு கட்டிய புண்ணியவான் அவரேதான். மாமனார் சீதனமாகக் கொடுத்த ஃபேன் ஒன்று ஹாலில் தொங்கியது. மழைக்காலம் வந்தால் மனைவி டோரதி ஈரத்துணியை அதற்கு அடியில் காயப்போடுவாள். இந்த ஐப்பசியில் கரண்ட் பில்லைப் பார்த்த இருதயநாதன் ஒரு குதி குதித்தார். "ஃபேன் மனுஷனுக்கா, கால்சட்டைக்கா?" என்று கேட்டு, அன்றைக்கே பால்கனியில் மேலும் கீழுமாக இரண்டு கயிறு கட்டினார். "காத்து சும்மா வீசுது. அதை விட்டுட்டுக் கரண்டுக்கு அழறவன் பைத்தியக்காரன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி பிரசங்கமும் செய்தார். கீழ்வீட்டு ரயில்வே கிளார்க் அற்புதசாமி அதைக் கேட்டுச் சொக்கிப்போய், தன் மனைவி வியாகுலம்மாளுக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார்.

டோரதி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். தூறல் விழுந்தால் எடுக்க, விட்டால் போட என்று நாள் முழுக்க வாளியும் கையுமாக ஓடினாள். தன் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருப்பதில் அவருக்குப் பெருமை.

தாலுகா ஆபீஸில் அவர் உட்காருவதற்குள் ஹெட் கிளார்க் சிங்கராச்சாரி கூப்பிட்டனுப்பினார். ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் வருகிற பஸ், இருதயநாதன் வீட்டைத் தாண்டித்தான் வரும்.

"என்ன ஓய், ஆத்துல கொடி ஏத்தியிருக்கீர்? பஸ்ஸே எழுந்து நின்னு பார்த்தது!"

"ஐயோ, அது துணி சார்! ஒண்ணு மச்சானுது, ஒண்ணு பையனுது."

"எனக்குப் புரியறது. தாசில்தாருக்குப் புரியணுமே? ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பிரமோஷனுக்கு உம்ம பேர்தான் அவர் மேஜையில இருக்கு. இந்த வாரம் கையெழுத்துப் போடப்போறார். கவர்மெண்ட் உத்தியோகஸ்தன் கட்சி கட்டறான்னு எவனாவது காதுல ஓதினா, உம்மைப் பச்சமலைக் காட்டுக்குத் தூக்கிடுவா."

கல்யாணமான நாளிலிருந்து இருதயநாதன் காத்திருக்கிற பிரமோஷன் அது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தினார்.

"அந்தக் கருப்பை எடுத்து உள்ளே போடு! இனிமே அது வெளியே தெரியக்கூடாது!"

"நீங்க சொன்னாச் சரிங்க."

மறுநாள் காலை கருப்பு மருந்துக்குக்கூட இல்லை. மேல் கயிற்றில் சிவப்புச் சேலை, கீழ்க் கயிற்றில் சிவப்புச் சேலை, அதற்கும் கீழே கைப்பிடிக் கம்பியில் மகனின் சிவப்பு அங்கி. வீட்டில் எது யார் துணி என்று அவருக்கு என்றுமே தெரிந்ததில்லை. தன் பனியனையே டோரதி எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் சந்தோஷமாகச் சைக்கிளை எடுக்க இறங்கினார். வாசலில் மில் தொழிலாளி மூக்கன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம் தோழர்!"

"நான் தோழர் இல்லைய்யா!"

"பயப்படாதீங்க தோழர். ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சாயங்காலம் கூட்டத்துக்கு உங்க பால்கனியைக் குடுத்தீங்கன்னா மேடைச் செலவு மிச்சம்."

கையை உருவ உருவ மூக்கன் குலுக்கிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா ஸ்ரீரங்கம் பஸ் வரவேண்டும்? ஜன்னலோரம் சிங்கராச்சாரி தலையில் அடித்துக்கொண்டது நன்றாகத் தெரிந்தது.

அன்று இரவு இருதயநாதன் சாப்பிடவில்லை. பொழுது விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"இனிமே நானே காயப்போடறேன். கருப்பும் வேணாம், சிவப்பும் வேணாம். வேற நிறமா எடுத்துக் குடு."

டோரதி வாளியிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் விரித்துப் போட்டார். முதலில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது அவள் கட்டுகிற காவிச் சேலை. அதற்குக் கீழே அவருடைய வெள்ளை வேட்டி.

"அதுக்குக் கீழே கைப்பிடிக் கம்பியில இந்தப் பச்சையைப் போடுங்க."

"நம்ம வீட்டுல பச்சை இருக்கா என்ன?"

"என்னைக்கு நீங்க கவனிச்சிருக்கீங்க? சீக்கிரம் போடுங்க, தூறல் வருது."

போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. கீழேயிருந்து கதர் ஜிப்பா அமிர்தராஜ், "ஜெய்ஹிந்த்! கடைசியில நம்ம பக்கமே வந்துட்டீங்க!" என்று கூவிய பிறகுதான் எங்கே பார்த்தோம் என்பது அவருக்கு உறைத்தது. எடுக்கலாம் என்று கையை நீட்டுவதற்குள் பஸ் போய்விட்டது.

"ஒரு வாரம் முடியலை, மூணு கட்சியா?" ஆபீஸில் சிங்கராச்சாரி கைகூப்பிவிட்டார். "அரசியல்ல பழம் தின்னு கொட்டை போட்டவன்கூட இவ்வளவு வேகமாத் தாவ மாட்டான் ஓய்!"

"இது ஆளுங்கட்சி நிறம்தானே சார்..."

"எந்தக் கட்சியானா என்ன? நாளைக்கு தாசில்தார் ஜீப் உம்ம தெரு வழியாத்தான் போறது. அந்தப் பால்கனியில ஒரு கைக்குட்டை தொங்கப்படாது, ஆமாம்!"

வீட்டுக்கு வந்த இருதயநாதன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய் இரண்டு கயிற்றையும் அறுத்தார். துணியெல்லாம் அவர் தலையிலேயே விழுந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இப்ப இதையெல்லாம் எங்கே காயப்போடறதுங்க?" என்று டோரதி வாளியோடு வந்து நின்றாள்.

"அந்த ஃபேனுக்கு அடியிலேயே போட்டுத் தொலை!"

"கரண்ட் பில்லு..."

"வரட்டும்!"

"ராத்திரி பகலா ஓடுமேங்க."

"ஓடட்டும்! தேயட்டும்! எனக்குப் பிரமோஷன் வந்தாப் போதும்!"

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று டோரதி சுவிட்சைப் போட்டாள்.

மறுநாள் ஜீப் போயிற்று. பால்கனி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மத்தியானமே தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருதயநாதன் அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வந்து, ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஈரச்சட்டை ஒன்று மூக்கில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

"பார்த்தியா டோரதி? சமயத்துல எனக்கு மட்டும் மூளை வேலை செஞ்சு ஃபேனைப் போடச் சொல்லலேன்னா, இந்நேரம் பச்சமலையில கெடப்போம்!"

டோரதி தலையில் பூவை வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

அப்போது கீழ்வீட்டு வியாகுலம்மாளின் குரல் மாடிப்படியில் ஏறி வந்தது.

"டோரதி! ஃபேன் சத்தம் கேக்குதே, உன் காரியம் முடிஞ்சுதா? அப்ப என் செவப்புச் சேலை ரெண்டையும், பக்கத்துல கனி பாய் வீட்டுல வாங்கின பச்சையையும், உங்க காவியையும் கீழே குடுத்தனுப்பு. எங்க வீட்டு மனுஷனும் கவர்மெண்ட் உத்தியோகந்தானே, நாளையிலேருந்து எங்க வாசல்ல காயப்போடணும்!"